‘பிறகு’ பொத்தானை ஏன் அழுத்துகிறோம்? கணினி அப்டேட் அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும்

ஆன்லைனில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். கடைசிப் பக்கம். திரையின் வலது கீழ் மூலையில் சின்னதாக ஒரு பெட்டி எட்டிப் பார்க்கிறது: அப்டேட் தயார், ரீஸ்டார்ட் செய்யலாமா? படித்து முடிப்பதற்குள் கை போய் ‘பிறகு’ என்பதை அழுத்திவிடுகிறது. அந்தப் பெட்டியில் எந்த மென்பொருளின் பெயர் இருந்தது என்று அடுத்த நிமிடமே யாராவது கேட்டால் முழிப்போம்.

பயனர்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் கோளாறு பெரும்பாலும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. கேட்கத் தேவையில்லாத கேள்வியை, கேட்கக்கூடாத நேரத்தில், ஒழுங்காகப் பதில் சொல்ல வழியில்லாமல் கேட்கிறது. மேசைக் கணினிகளிலும் லேப்டாப்களிலும் இந்த அறிவிப்புகள் எப்படி வேலை செய்கின்றன, எங்கே சொதப்புகின்றன, எப்படி இருந்தால் உருப்படும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

நான்கு வேலை, ஒரே கேள்வி

‘அப்டேட்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். கணினிக்குள் அது நான்கு தனித்தனி வேலை. முதலில் தேடல்: தயாரிப்பாளரின் சர்வரைத் தொடர்புகொண்டு, அங்கே இருக்கும் பதிப்பையும் தன்னிடம் இருக்கும் பதிப்பையும் கணினி ஒப்பிட்டுப் பார்க்கிறது. அடுத்தது பதிவிறக்கம். மூன்றாவது நிறுவல், அதாவது பழைய கோப்புகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைப்பது. கடைசியாக, ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரலை நிறுத்திப் புதியதை ஓடவிடுவது. செயலி என்றால் மூடித் திறந்தால் போதும். இயங்குதளத்தின் உட்பகுதி என்றால் ரீஸ்டார்ட்.

இந்த நான்கில் மனிதர் வாய் திறந்து சொல்ல வேண்டியது எது? தேடலுக்கு யார் அனுமதியும் தேவையில்லை. பதிவிறக்கத்தில் ஒரே ஒரு சங்கதி: வீட்டு பிராட்பேண்டா, தினம் இத்தனை ஜிபி என்று கணக்குள்ள போன் ஹாட்ஸ்பாட்டா? அதையும் ஒருமுறை செட்டிங்கில் குறித்துவிட்டால் முடிந்தது. நிறுவலைப் பெரும்பாலும் பின்னணியில் செய்துவிடலாம். நான்காவதுதான் விஷயம். இந்த நிமிடம் எந்த வேலையை நிறுத்தலாம், எதை நிறுத்தக்கூடாது என்பது கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே தெரியும்.

ஆக, நல்ல அறிவிப்பு கேட்க வேண்டியது ‘எப்போது?’ என்ற ஒன்றை. ‘போடலாமா, வேண்டாமா?’ என்று கேட்கும் பெட்டி, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அறிவு யாரிடம் இருக்கிறதோ அவரை விட்டுவிட்டு வேறு ஆளிடம் கேட்கிறது. கணினிக்குள் பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஏதோ ஒரு நூலகக் கோப்பின் எண் 3.0.13-இலிருந்து 3.0.14-க்குப் போகலாமா என்று ஒரு கணக்காளரிடம் கேட்டு என்ன பயன்?

இதற்கு விலக்கு ஒன்று உண்டு. விண்டோஸ் 10-இலிருந்து 11-க்குப் போவது, லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவில் 22.04-இலிருந்து 24.04-க்குப் போவது போன்ற பதிப்பு மாற்றங்களுக்கு ‘போடலாமா’ என்றுதான் கேட்க வேண்டும். பழகிய இடத்தில் பழகிய பொத்தான் இருக்காது, பழைய பிரிண்டர் மக்கர் செய்யலாம். அது வீடு மாறுவது மாதிரி. ஓட்டை அடைப்பதோடு அதைச் சேர்த்து ஒரே பட்டியலில் காட்டுவது தப்பு.

ரீஸ்டார்ட் எதற்கு?

விண்டோஸில் ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை மற்றொன்று மாற்ற முடியாதபடி பொதுவாகப் பூட்டு விழுந்திருக்கும். இயங்குதளத்தின் அடிப்படைக் கோப்புகள் எப்போதும் திறந்தே இருப்பவை. அதனால் புதிய கோப்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த முறை கணினி எழும்போது, யாரும் அதைத் தொடுவதற்கு முன் மாற்றி வைக்க வேண்டியிருக்கிறது. ‘கணினியை அணைக்காதீர்கள்’ என்று ஓடும் திரை அந்த நேரத்தில் வருவதுதான்.

லினக்ஸில் கதை வேறு. ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பையும் மாற்றலாம். பெயர் புதிய கோப்புக்குப் போய்விடும், பழைய உள்ளடக்கம் அதைப் பிடித்திருக்கும் நிரலுக்கு மட்டும் கிடைத்துக்கொண்டிருக்கும். இதை வைத்து ‘லினக்ஸுக்கு ரீஸ்டார்ட்டே வேண்டாம்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். பாதி உண்மை. கோப்பு மாறிவிட்டது, ஆனால் நினைவகத்தில் ஓடுவது ஓட்டையுள்ள பழைய நிரல்தான். மூடித் திறக்கும்வரை அப்டேட் போட்டும் போடாத நிலை.

ஃபயர்பாக்ஸ் உலாவியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அது திறந்திருக்கும்போதே பின்னணியில் அதன் கோப்புகள் மாறிவிட்டால், புதிய டேப் ஒன்றைத் திறக்கும்போது பக்கம் வராது. ரீஸ்டார்ட் செய்தால்தான் மேலே போக முடியும் என்று ஒரு செய்தி நிற்கும். காரணம் எளிது: ஒவ்வொரு டேப்புக்கும் அது புதிதாகத் துணை நிரல்களைக் கிளப்புகிறது, தாய் நிரல் பழையது, புதிதாகப் பிறக்கும் பிள்ளை புதிய பதிப்பு, இரண்டும் பேசிக்கொள்ள முடியாது. இப்படி நடுவில் மாற்றுவதால் வரும் சிக்கலைத் தவிர்க்கத்தான் ஃபெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளம் 2013-இல் வந்த 18-ஆம் பதிப்பிலிருந்து, ரீஸ்டார்ட்டின் நடுவே வேறெதுவும் ஓடாத நிலையில் அப்டேட்டை நிறுவும் வழியைக் கொண்டுவந்தது. லினக்ஸ்காரர்கள் பலர் ‘இது என்ன விண்டோஸா?’ என்று முணுமுணுத்தார்கள். தொழில்நுட்பக் காரணம் நியாயமானதுதான்.

அவசரம் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல

பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் அப்டேட்டும், கால்குலேட்டரில் எழுத்துரு மாற்றும் அப்டேட்டும் ஒரே மணி அடித்துக்கொண்டு வந்தால், சில நாளில் எந்த மணியும் காதில் விழாது. பாதுகாப்பு அப்டேட்டுக்கு ஏன் தனி அவசரம்? அது வெளியான நாளே ஓட்டை எங்கே இருந்தது என்பதும் வெளியாகிவிடுகிறது. பழைய கோப்பையும் புதியதையும் ஒப்பிட்டால் எது மாறியது என்று தெரிந்துவிடும். போடாதவர்களின் வாசல் எங்கே திறந்திருக்கிறது என்று ஊருக்கே அறிவித்த மாதிரி.

வான்னாக்ரை தாக்குதலின் நாட்களைப் பாருங்கள். விண்டோஸில் கோப்புப் பகிர்வுக்கான பகுதியில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. அதே ஓட்டையைப் பயன்படுத்தும் தாக்குதல் நிரல் ஏப்ரல் 14 அன்று இணையத்தில் கசிந்தது. மே 12 அன்று வான்னாக்ரை பரவி, இங்கிலாந்தின் மருத்துவமனைகள் உட்படப் பல நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. மருந்து வந்து 59 நாள் ஆகியிருந்தது. எல்லாரையும் அன்றைக்கே ரீஸ்டார்ட் செய்ய வைக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதும் இதிலேயே தெரிகிறது. ஒரு வாரத்துக்குள் போட்டிருந்தால் போதும். ‘பிறகு’ என்பது ஒரு வாரத்தில் முடிகிறதா, இரண்டு மாதம் நீள்கிறதா என்பதில்தான் வித்தியாசம்.

ஐகானா, ஜன்னலா?

2009 ஏப்ரலில் வந்த உபுண்டு 9.04-இல் நடந்தது இந்தப் பாடத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. அதுவரை அப்டேட் இருந்தால் திரையின் மேல் பட்டையில் ஒரு ஐகான் வந்து உட்காரும். அமைதியானது, யாரையும் தொந்தரவு செய்யாது. அதுவேதான் பிரச்சினையும்: ஒலி, வைஃபை, பேட்டரி என்று வரிசையாக நிற்கும் கூட்டத்தில் இன்னொரு ஐகான் வந்ததைப் பலர் கவனிப்பதே இல்லை.

9.04-இல் அந்த ஐகானை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் அப்டேட் மேலாளரின் ஜன்னலே தானாகத் திறக்கும். பாதுகாப்பு அப்டேட் என்றால் தினமும் தெரிவிக்கும். மற்றவை என்றால் வாரம் ஒருமுறைதான். பழைய ஐகானே வேண்டும் என்பவர்கள் ஒரு கட்டளையைத் தட்டி அதைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே வழியும் கொடுத்திருந்தார்கள்.

இரு பக்கமும் நியாயம் இருந்தது. ஐகான் கண்ணில் படாது என்பது சரி. ஆனால் யாரும் கூப்பிடாமல் தானாகத் திறக்கும் ஜன்னல், வலைத்தளங்களில் குதிக்கும் விளம்பரத்தையும் போலி எச்சரிக்கையையும் போலவே நடந்துகொள்கிறது. அதிலும் ‘நிறுவு’ என்று அழுத்தினால் பாஸ்வேர்டு கேட்கும். தான் தொடங்காத ஒன்றுக்கு பாஸ்வேர்டு கொடுத்துப் பழகிய பயனர், நாளை ஒரு திருட்டு நிரல் அதே மாதிரிப் பெட்டியைக் காட்டினாலும் கொடுத்துவிடுவார். எனவே பயனர் சம்மதித்த வழக்கமான அப்டேட்டுக்கு ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்காமல் இருப்பதே பாதுகாப்பு.

அதே 9.04-இல் புதிய அறிவிப்புக் குமிழிகளும் வந்தன. கறுப்பாக மேல் மூலையில் தோன்றிச் சில நொடிகளில் மறைந்துவிடும். பொத்தான் எதுவும் கிடையாது. மவுஸைக் கிட்டே கொண்டுபோனால் மங்கிவிடும், கிளிக் அதை ஊடுருவிக் கீழே இருக்கும் ஜன்னலுக்குப் போகும். பாட்டு மாறியது, நண்பர் ஆன்லைன் வந்தார் என்பதற்கெல்லாம் அது அருமை. அப்டேட்டுக்கு உதவாது. ‘தெரிந்துகொள்’ என்று சொல்லும் செய்தி மறைந்துபோகலாம். ‘ஒன்று செய்’ என்று கேட்கும் செய்தி, செய்யும்வரை எங்காவது தேடினால் கிடைக்கிற மாதிரி இருக்க வேண்டும். அப்டேட் அறிவிப்பைக் குமிழியாகக் காட்டுவதில் இன்றும் நடக்கும் தவறு இதுதான்: டீ எடுக்கப் போன ஐந்து நிமிடத்தில் வந்து மறைந்திருக்கும்.

எங்கள் தீர்ப்பு: ஐகானா, ஜன்னலா என்பது பொய்யான சண்டை. முதல் நாள் ஒரு சின்ன அடையாளம் போதும். நாள் ஆக ஆகக் குரல் உயரட்டும். குரோம் உலாவி பல ஆண்டுகளாக மூலையில் காட்டிய அம்புக்குறி இப்படித்தான்: அப்டேட் வந்து இரண்டு நாளுக்குள் என்றால் பச்சை, நான்கு நாள் அளவில் ஆரஞ்சு, ஒரு வாரம் ஆகிவிட்டால் சிவப்பு. வேலையை மறிக்காது, மறையவும் மறையாது. ஒரு குறை, பச்சைக்கும் சிவப்புக்கும் வேறுபாடு தெரியாத கண்களுக்கு மூன்றும் ஒன்றே. நிறத்தோடு ஒரு சொல்லும் சேர வேண்டும்.

நாளை எப்படி எண்ணுவது

லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் 2021 ஜூலையில் வெளியான 20.2 பதிப்பில் செய்தது இன்னும் நுணுக்கமானது. அதன் அப்டேட் மேலாளர் ஒரு கேடய ஐகானாக மட்டும் இருந்துவந்தது. பயனர்கள் மாதக்கணக்கில் அதைச் சட்டை செய்யாமல் விடுகிறார்கள் என்று தெரிந்ததும் நினைவூட்டல் சேர்த்தார்கள். ஆனால் எண்ணும் முறையைப் பாருங்கள்: ஓர் அப்டேட் வந்து, பயனர் உள்நுழைந்த நாட்கள் 7-க்கு மேல் ஆகியிருக்க வேண்டும், அல்லது காலண்டரில் 15 நாளைத் தாண்டியிருக்க வேண்டும். அப்போதுதான் வாய் திறக்கும். வழக்கமான அமைப்பில் பாதுகாப்பு அப்டேட்டுகளும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அப்டேட்டுகளும் மட்டுமே இந்தக் கணக்கில் வரும். எந்த வழியில் அப்டேட் போட்டிருந்தாலும் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, கடந்த 30 நாளுக்குள் போட்டிருந்தால் பேசாமல் இருக்கும்.

‘உள்நுழைந்த நாட்கள்’ என்பதில்தான் சூட்சுமம். ஒருவர் லேப்டாப்பை ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலண்டரை மட்டும் பார்த்துக் குறுகிய கெடு வைத்தால், அவர் திறக்கும் ஒவ்வொரு முறையும் முதல் வேலையாகத் திட்டு வாங்குவார். அவர் தள்ளிப்போடவில்லை, கணினியே அணைந்திருந்தது. உண்மையில் தள்ளிப்போட்டவரையும் ஊரில் இல்லாதவரையும் பிரித்துப் பார்க்கிறது அந்த எண்.

‘பிறகு’ என்றால் எப்போது?

அறிவிப்புகளில் அதிகம் அழுத்தப்படும் பொத்தான் இது. இதை வடிவமைப்பதில்தான் குறைவான யோசனை போகிறது.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ‘பிறகு ரீஸ்டார்ட் செய்’ என்று அழுத்தினால் 10 நிமிடத்தில் அதே பெட்டி திரும்ப வந்து நிற்கும். மறுபடி அழுத்தினால் மறுபடி 10 நிமிடம். ஒரு மணி நேரக் கூட்டத்தில் ஆறு முறை. பதிலைக் கேட்காத கேள்வி அது. இதற்கு நேர்மாறாக மேக், 2014-இல் வந்த யோசமிட்டி என்ற பதிப்பின் காலத்திலிருந்தே ‘பிறகு’ என்பதற்குள் ஒரு மணி நேரத்தில், இன்றிரவு, நாளை நினைவூட்டு என்று பிரித்துக் கொடுத்தது. ‘இன்றிரவு’ என்பதைத் தேர்ந்தெடுப்பவர் மறுக்கவில்லை. நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார்.

இதைவிட நல்ல நேரம் ஒன்று உண்டு: பயனர் தானாகவே கணினியை அணைக்கப் போகும் கணம். வேலை முடிந்துவிட்டது, கோப்புகள் மூடியாயிற்று. விண்டோஸில் அணைக்கும் மெனுவில் ‘அப்டேட் அண்ட் ஷட் டவுன்’ வருவதும், ஃபெடோராவில் அணைக்கும் பெட்டியிலேயே ‘நிலுவை அப்டேட்டுகளை நிறுவு’ என்று ஒரு கட்டம் இருப்பதும் இதனால்தான். இரண்டு நிபந்தனை. பக்கத்திலேயே அப்டேட் இல்லாமல் அணைக்கும் வழியும் இருக்க வேண்டும். ரயிலுக்கு ஓடுகிறவர் லேப்டாப்பைப் பைக்குள் வைத்தாக வேண்டும். மற்றது, பொத்தான் சொன்னதைச் செய்ய வேண்டும். விண்டோஸ் 11-இல் ‘அப்டேட் அண்ட் ஷட் டவுன்’ அழுத்திவிட்டுத் தூங்கப்போனால், சில கணினிகள் அணையாமல் திரும்ப எழுந்து உள்நுழைவுத் திரையில் நிற்கும் பிழை நெடுநாள் இருந்தது. 2025 அக்டோபர் இறுதியில் வந்த அப்டேட்டில்தான் சரிசெய்தார்கள்.

மூடும் பெருக்கல் குறிக்கு என்ன பொருள்? ‘இப்போது வேண்டாம்’ என்பதைத் தவிர வேறு பொருள் இருக்கக்கூடாது. 2016-இல் விண்டோஸ் 7, 8 வைத்திருந்தவர்களை விண்டோஸ் 10-க்கு இலவசமாக மாற்றும் பெட்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு மே மாத அளவில், குறித்த நேரத்தில் மாற்றம் நடக்கும் என்று சொல்லும் பெட்டியை மூலையில் உள்ள குறியால் மூடினால், அது சம்மதமாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. காலையில் வந்து பார்த்தால் புதிய இயங்குதளம். கலிபோர்னியாவின் சாசலிட்டோவில் பயண முகவர் தொழில் செய்த ஒரு பெண், கேட்காமலே தொடங்கிய இந்த மாற்றத்தால் தன் அலுவலகக் கணினி முடங்கியது என்று வழக்குப் போட்டு 10,000 டாலர் இழப்பீடு வாங்கினார். பிறகு பெட்டியின் நடத்தையை மைக்ரோசாஃப்ட் மாற்றியது. பணம் இருக்கட்டும், கெட்டுப்போனது நம்பிக்கை. இந்த அனுபவத்துக்குப் பின் அப்டேட் சேவையையே முழுதாக முடக்கிவைத்தவர்கள் உண்டு. பாதுகாப்புத் திருத்தங்களும் அதோடு நின்றுபோயின.

உபுண்டுவில் ஸ்னாப் என்ற தனி நிறுவல் முறையில் வரும் செயலிகள் காட்டிய செய்தி இன்னொரு வகைக் குழப்பம். ஃபயர்பாக்ஸ் திறந்திருக்கும்போது, அப்டேட் நிலுவையில் உள்ளது, இடையூறைத் தவிர்க்கச் செயலியை மூடுங்கள், 13 நாட்கள் உள்ளன என்று ஒரு குமிழி வரும். பயனர் சொன்னபடி மூடிவிட்டு உடனே திறப்பார். ஒன்றும் நடந்திருக்காது. மறுநாள் அதே செய்தி, 12 நாட்கள் என்று. காரணம், ஸ்னாப் நாளுக்கு நான்கு முறைதான் அப்டேட்டைத் தேடிப் போட முயலும். அந்த நேரத்தில் செயலி மூடியிருந்தால்தான் மாறும். மூடிய நொடியில் எதுவும் தொடங்காது. பயனர் சொன்ன வேலையைச் செய்தும் பலன் இல்லை என்றால் அந்த அறிவிப்பு பொய் சொன்னதாகவே அர்த்தம். பிற்பாடு, முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொண்டு செயலி மூடப்பட்டதும் மாற்றும்படி அதைத் திருத்தினார்கள்.

ஒரு பெட்டியைப் பிரித்து எழுதிப் பார்ப்போம்

பரவலாகக் காணக்கூடிய வாசகம் இப்படி இருக்கும்:

“உங்கள் கணினிக்கு 47 புதுப்பிப்புகள் உள்ளன. இப்போது நிறுவ விரும்புகிறீர்களா? ஆம் / பின்னர்.”

47 என்ற எண்ணால் பயனருக்கு என்ன லாபம்? அதில் 40 ஒரே தொகுப்பின் துண்டுகளாக இருக்கலாம். ஆபத்தானது உண்டா என்று சொல்லவில்லை. எவ்வளவு நேரம் ஆகும், ரீஸ்டார்ட் வேண்டுமா, திறந்திருக்கும் கோப்பு என்னவாகும், ஒன்றும் இல்லை. ‘ஆம்’ என்றால் என்னென்ன நடக்கும் என்று தெரியாதவர் ‘பின்னர்’ என்பதை அழுத்துவதுதான் விவேகம்.

மாற்றி எழுதுவோம்:

“உங்கள் இயங்குதளத்தில் இருந்த பாதுகாப்பு ஓட்டைக்குத் திருத்தம் பதிவிறக்கப்பட்டுவிட்டது. ரீஸ்டார்ட் செய்தால் நிறைவேறும். சுமார் 4 நிமிடம். சேமிக்காத கோப்புகள் 2 திறந்துள்ளன. அணைக்கும்போது செய் / இன்றிரவு 11 மணிக்கு / இப்போதே.”

பொத்தான்களில் ‘ஆம்’, ‘சரி’ இல்லை. நடக்கப்போகும் செயலே எழுதியிருக்கிறது. மூன்றில் எதை அழுத்தினாலும் வேலை நடக்கும். எதையும் அழுத்தாமல் மூடினால் நாளை வரும். நேர மதிப்பீட்டைக் கணினியால் சொல்ல முடியும். விண்டோஸ் 11 அணைக்கும் மெனுவிலேயே இத்தனை நிமிடம் என்று காட்டுகிறது. விவரம் வேண்டுவோருக்கு அந்த 47-இன் பட்டியலும் ஒரு கிளிக் தள்ளி இருக்கட்டும், தொகுப்பின் பெயரோடும் எண்ணோடும்.

எப்போது காட்டக்கூடாது என்பதும் வாசகத்தின் பகுதிதான். முழுத்திரையில் ஏதாவது ஓடும்போது, கேமரா இயங்கும்போது, புரொஜெக்டரில் திரை காட்டப்படும்போது, கணினி எழுந்த முதல் சில நிமிடங்களில் வேண்டாம். பேட்டரி குறைவாக இருந்தால் நிறுவலைத் தொடங்கவே கூடாது. நிறுவல் நடுவில் மின்சாரம் போனால் விண்டோஸ் பெரும்பாலும் மாற்றங்களைப் பின்வாங்கிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும், ஆனால் அதற்கும் அரை மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் சத்தமில்லாமல் செய்துவிட்டால் என்ன?

கூகுளின் இயங்குதளத்தோடு வரும் குரோம்புக் லேப்டாப் கிட்டத்தட்ட அப்படித்தான். அதில் இயங்குதளத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்றில் நீங்கள் வேலை பார்க்கும்போதே மற்றொன்றில் புதிய பதிப்பு எழுதப்படும். ரீஸ்டார்ட் என்பது பக்கம் மாறுவது மட்டுமே. புதியது எழவில்லை என்றால் பழையதற்குத் திரும்பும். கேட்க வேண்டிய கேள்வி மிகச் சிறியதாகிவிடுகிறது. நல்ல அறிவிப்புக்கான பாதி வேலை இப்படி அறிவிப்புக்கு வெளியேதான் இருக்கிறது.

ஆனால் மௌனத்துக்கும் விலை உண்டு. உபுண்டுவில் பாதுகாப்பு அப்டேட்டுகள் பின்னணியில் தானாக நிறுவப்படுகின்றன. அந்த நேரத்தில் டெர்மினலை (கட்டளைகளைத் தட்டும் ஜன்னல்) திறந்து ஏதாவது நிறுவப் போனால், பூட்டைப் பெற முடியவில்லை என்று பிழை வரும். பின்னால் அப்டேட் ஓடுவது தெரியாத புதியவர், எங்கோ படித்ததை நம்பிப் பூட்டுக் கோப்பை அழிப்பார். இரண்டு நிறுவல்கள் ஒன்றோடொன்று மோதித் தொகுப்புகள் பாதியில் நிற்கும். சில நிமிடம் பொறுத்தால் பூட்டு தானாக விடுபடும். ஏற்கெனவே பாதியில் நின்றிருந்தால், அடுத்த பிழைச் செய்தியே ஓட்ட வேண்டிய கட்டளையைச் சொல்லும். அதை அப்படியே தட்டினால் போதும். திரையில் ‘இப்போது அப்டேட் ஓடுகிறது’ என்று ஒரு சின்ன அடையாளம் இருந்திருந்தால் இவ்வளவும் வேண்டாம். கேள்வி கேட்காமல் இருக்கலாம். நடப்பதை மறைக்கத் தேவையில்லை.

தவறான அப்டேட் எல்லாரிடமும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்வது மற்றொரு அபாயம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு கோப்பு இப்படிப் போனதில், மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. அது விண்டோஸ் அப்டேட் வழியாக வந்ததல்ல. ஆனால் படிப்படியாக அனுப்புவது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். உபுண்டுவில் வழக்கமான அப்டேட்டுகள் முதலில் சிறு பங்கினருக்கு மட்டும் போய், புகார் இல்லையென்றால் மற்றவர்களுக்கு விரியும். பக்கத்து மேசைக்காரருக்கு வந்த அப்டேட் உங்களுக்கு வராததற்கும், டெர்மினலில் சில தொகுப்புகள் ஒத்திவைக்கப்பட்டன என்று வருவதற்கும் இதுதான் காரணம். எதுவும் பழுதாகவில்லை, வலிந்து நிறுவ வேண்டாம்.

போலி அறிவிப்பு

உலாவிக்குள் ஒரு வலைப்பக்கம் ‘உங்கள் உலாவி காலாவதியாகிவிட்டது, இங்கே அழுத்தி அப்டேட் செய்யுங்கள்’ என்றால் அது தீங்கு நிரல் பரப்பும் பழைய வழி. வலைப்பக்கங்களில் வீடியோவையும் விளையாட்டையும் ஓட்டிய ஃபிளாஷ் பிளேயரின் பெயரில் இது ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷுக்கான ஆதரவே முடிந்துவிட்டது, ஆகவே இன்று அந்தப் பெயரில் எது வந்தாலும் மூடிவிடலாம். இயங்குதளத்தின் உண்மையான பெட்டி எப்படி இருந்தாலும் அதைப் படமாக வரைந்து காட்டுவது கடினமல்ல. வரைய முடியாதது ஒன்றே: செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தாலும் அதே செய்தி அங்கே இருப்பது. சந்தேகம் வந்தால் பெட்டியைத் தொடாமல் மூடிவிட்டு, செட்டிங்ஸை நீங்களாகத் திறந்து பாருங்கள். அறிவிப்பை வடிவமைப்பவர்களும் இதை மனதில் வைத்து, மூலையில் வரும் ஒவ்வொரு செய்தியும் செட்டிங்ஸில் அதே வாசகத்தோடு இருக்கும்படி செய்ய வேண்டும்.

இன்றைக்கு உங்கள் கணினியில் மாற்றக்கூடியவை

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், அதில் விண்டோஸ் அப்டேட், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ என்பதில் நீங்கள் வேலை பார்க்கும் நேரத்தைக் குறித்தால், அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. 18 மணி நேரம் வரை வைக்கலாம். இரவுப் பணிக்காரர்கள் இதைக் கையால் மாற்றியே ஆக வேண்டும். அதே பக்கத்தில், ரீஸ்டார்ட் தேவைப்படும்போது அறிவிக்கச் சொல்லும் விசையை ஆன் செய்யுங்கள். மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்க மேற்குக் கரை நேரம் காலை 10 மணிக்கு வரும். இந்திய, இலங்கை நேரத்தில் அன்றிரவு பத்தரை, அங்கே குளிர்கால நேரம் என்றால் பதினொன்றரை. அதாவது நமக்கு அது புதன்கிழமைத் தலைவலி. புதன் காலை முக்கியமான வேலை இருந்தால், ‘பாஸ்’ (Pause) பொத்தானில் ஒரு வாரம் தள்ளிவையுங்கள். ஐந்து வாரம் வரை அனுமதிக்கும், ஆனால் அவ்வளவு வேண்டாம்.

போன் ஹாட்ஸ்பாட்டில் இணைந்திருக்கிறீர்கள் என்றால் அந்த வைஃபையின் பண்புகளில் ‘மீட்டர்டு கனெக்ஷன்’ என்பதை ஆன் செய்யுங்கள்; பெரும்பாலான அப்டேட்டுகளின் பதிவிறக்கம் நிற்கும். வாரம் ஒருமுறையாவது மீட்டர் இல்லாத இணைப்பில் சேருங்கள், இல்லையென்றால் அப்டேட்டே வராது.

உபுண்டுவில் ‘சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்’ திறந்து ‘அப்டேட்ஸ்’ தாவலுக்குப் போங்கள். தேடல் தினமும், பாதுகாப்பு அப்டேட்டுக்குத் தானாகப் பதிவிறக்கி நிறுவுவது, மற்றவற்றுக்கு வாரம் ஒருமுறை காட்டுவது. இந்த மூன்றும் அப்படி இருந்தால் போதும். மேக்கில் செட்டிங்ஸின் ‘ஜெனரல்’, அதில் ‘சாஃப்ட்வேர் அப்டேட்’. தானியங்கி அப்டேட் விவரங்களில் பாதுகாப்புத் திருத்தங்களுக்கான விசை மட்டுமாவது ஆனில் இருக்கட்டும்.

நான்கைந்து விண்டோஸ் கணினிகள் ஒரே இணைப்பில் உள்ள சிறு அலுவலகம் என்றால் ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ பக்கத்தையும் பாருங்கள். உள்ளூர் வலையமைப்பில் உள்ள கணினிகளிடமிருந்து பெறலாம் என்று வைத்தால், ஒரு கணினி இறக்கியதை மற்றவை அதனிடமிருந்தே வாங்கிக்கொள்ளும். அங்கேயே இணையத்தில் உள்ள வெளியாட்களின் கணினிகளோடும் பகிரும் தேர்வு இருக்கும். அளவு கட்டுப்பாடுள்ள இணைப்பில் அதைத் தொட வேண்டாம்.